நெறி கட்டியிருக்கிறது என்பதற்காக ஆபரேஷனைத் தள்ளாதீர்கள்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 64. மலேசியாவில் கடை நடத்திவிட்டு ஊரோடு வந்தவர். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர், இந்த வருடம் பாதி வழியில் முடியாமல் திரும்பிவிட்டார். ரத்தம் (ஹீமோகுளோபின்) 7.9 என்றார்கள். மூல நோயாக இருக்கும் என்று மாதக்கணக்கில் சத்து மாத்திரை கொடுத்தோம். கடைசியில் கொலோனோஸ்கோபியில் வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தது, பயாப்ஸியில் புற்றுநோய். சி.டி. ஸ்கேனில் கட்டி குடல் சுவரைத் தாண்டியிருக்கிறது, பக்கத்தில் சில நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கின்றன, பெரியது 14 மில்லிமீட்டர், கல்லீரலிலும் நுரையீரலிலும் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் முதலில் கீமோ கொடுக்கலாம் என்கிறார். சித்தப்பாவோ, "நெறி கட்டிப் பரவிவிட்டது, இனி கத்தி வைத்தால் உடம்பு முழுக்கப் பரவும், நாட்டு வைத்தியம் பார்ப்போம்" என்கிறார். ஒன்பது வாரத்தில் தம்பிக்குக் கல்யாணம், அது முடியட்டும் என்று ஆத்தா சொல்கிறார். அப்பச்சியிடம் குடல் புண் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். நாங்கள் சாப்பிடும் காரமும் மசாலாவும்தான் காரணமா? என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லோரும் பயந்து பார்ப்பது நெறி கட்டிய வரியை. நான் முதலில் பார்த்தது அதற்கடுத்த வரியை: கல்லீரலிலும் நுரையீரலிலும் எதுவும் இல்லை. பெருங்குடல் புற்றுநோய் தொலைவுக்குப் போவதென்றால் பெரும்பாலும் முதலில் போய் உட்காரும் இடம் கல்லீரல். அப்புறம் நுரையீரல். அங்கே இல்லை என்பதால், உங்கள் அப்பச்சிக்கு இருப்பது வயிற்றுக்குள் ஓர் இடத்தில் முற்றிய நோய், உடம்பெங்கும் பரவிய நோய் இல்லை. குணமாக்கும் எண்ணத்தோடுதான் இதற்கு வைத்தியம் செய்கிறோம். கணுக்களில் நோய் இருப்பது உறுதியானால் மூன்றாம் நிலை என்று எழுதுவார்கள். மொசைக் என்ற பெரிய பன்னாட்டு ஆய்வில், மூன்றாம் நிலையில் ஆபரேஷன் செய்து, ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோவும் எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் ஐந்து ஆண்டு கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். "பரவிவிட்டது, இனி என்ன" என்று சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை.

அந்தக் கணுக்கள் எதற்கு இருக்கின்றன என்று தெரிந்தால் சித்தப்பாவுக்கும் விளங்கச் சொல்லலாம். குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களோடு ஒட்டியே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. வழி நெடுக, பட்டாணி அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் கணுக்கள் இருக்கின்றன. நம் சிவகங்கைச் சீமையில் மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. குடலின் நிணநீரும் ஏறக்குறைய அந்த ஒழுங்கில்தான் போகிறது. முதலில் குடலை ஒட்டிய கணுக்கள், பிறகு ரத்தக்குழாயின் நடுவழியில் இருப்பவை, கடைசியில் அந்தக் குழாய் பெரிய தமனியிலிருந்து பிரியும் இடத்தில் இருப்பவை. கட்டியிலிருந்து கழன்ற செல்கள் இந்த வழியாகத்தான் நகர்கின்றன. எப்போதாவது நடுவில் ஒன்றை விட்டுத் தாண்டியும் போகும். ஆனாலும் வழி தெரிந்த வழி. அதனால்தான் குடல் புற்றுநோய் ஆபரேஷனில் கட்டியை மட்டும் வெட்டி எடுப்பதில்லை, அதன் நிணநீர் போகும் வழியையும் சேர்த்து எடுக்கிறோம்.

ஸ்கேனில் வீங்கித் தெரிகிற கணுவெல்லாம் புற்றுநோய்க் கணு என்று இப்போதே முடிவு கட்ட முடியாது. கட்டியைச் சுற்றி அழற்சி இருந்தாலும் கணு வீங்கும். 14 மில்லிமீட்டர் கணுவில் ஒன்றுமே இல்லாமல் இருந்ததும் உண்டு, 4 மில்லிமீட்டர் கணுவில் செல்கள் ஒளிந்திருந்ததும் உண்டு. சி.டி. இதில் அவ்வளவு நம்பகமான சாட்சி இல்லை. கணுவில் நோய் இருக்கிறதா, எத்தனை கணுவில் இருக்கிறது என்பதை, ஆபரேஷன் செய்து எடுத்ததை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இனி ஆபரேஷன். கட்டி வலப்பக்கம் இருப்பதால் சிறுகுடலின் கடைசிக் கொஞ்சம், குடல்வால், வலப்பக்கப் பெருங்குடல் முழுதும், குறுக்குக் குடலின் ஆரம்பப் பகுதி ஆகியவற்றை ஒன்றாக எடுத்துவிட்டு, சிறுகுடலைக் குறுக்குக் குடலோடு இணைப்பார்கள். கட்டி மூன்று நான்கு சென்டிமீட்டர்தான், எதற்கு இவ்வளவு நீளம் என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தப் பகுதிக்கு ரத்தம் தரும் குழாயை அது பிரியும் அடிவாரத்திலேயே கட்டி எடுத்தால்தான் வழியிலுள்ள கணுக்கள் முழுதாக வரும். அந்தக் குழாயைக் கட்டிவிட்டால் அதை நம்பியிருந்த குடலும் உயிரோடு இருக்காது. அதனால்தான் அவ்வளவும் எடுக்க வேண்டியிருக்கிறது. வலப்பக்கப் பெருங்குடல் போனாலும் சாப்பாடு செரிக்கும். சில வாரம் வயிற்றுப்போக்கு மாதிரி இருக்கும், பிறகு பெரும்பாலும் படிந்துவிடும். மலம் சேர வயிற்றில் பை வைக்க வேண்டி வருமோ என்று உள்ளுக்குள் பயம் இருந்தால், திட்டமிட்டுச் செய்யும் வலப்பக்க ஆபரேஷனில் பெரும்பாலும் அதற்குத் தேவை வராது. குடல் முழுதாக அடைத்தோ ஓட்டை விழுந்தோ அவசரமாகச் செய்ய நேரும்போதுதான் அந்த வாய்ப்பு கூடுகிறது. தள்ளிப்போடக்கூடாது என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

ஆபரேஷன் எவ்வளவு சுத்தமாக நடந்தது என்பதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் குறைந்தது 12 கணுக்களாவது பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அளவு. ஆறு கணுக்களைப் பார்த்து ஆறிலும் நோய் இல்லை என்றால் அதை முழுதாக நம்ப முடியாது. பார்க்காத ஏழாவதில் இருந்திருக்கலாம். இந்த எண்ணிக்கை அறுவை மருத்துவரின் கையில் பாதி, கொழுப்புக்குள் பொறுமையாகத் தேடி எடுக்கும் நோய்க்குறியியல் மருத்துவரின் கையில் பாதி. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: "வழக்கமாக எத்தனை கணு எடுப்பீர்கள்? குழாயை அடியில் கட்டி எடுப்பீர்களா?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில் ஹோஹென்பெர்கர் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவும், குடலைத் தாங்கி நிற்கும் கொழுப்பு மடிப்பை அதன் மெல்லிய உறை கிழியாமல் முழுசாகப் பிரித்து, ரத்தக்குழாயை அடியிலேயே கட்டி எடுக்கும் முறையை 2009-இல் விரிவாக வெளியிட்டார்கள். ஜப்பானியர்கள் அதற்கு முன்பிருந்தே மூன்றாம் வரிசைக் கணுக்கள் வரை எடுத்துவந்தார்கள். எல்லா நோயாளிக்கும் அவ்வளவு ஆழம் போக வேண்டுமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. வலப்பக்கத்தில் அந்த ஆழத்தில் பெரிய ரத்த நாளம் ஒன்று இருக்கிறது, பழகாத கை அங்கே போனால் ஆபத்து. என் கருத்து இதுதான்: உறை கிழியாமல் எடுப்பதில் சமரசம் வேண்டாம், அது எல்லோருக்கும் வேண்டும். கடைசி வரிசைக் கணு வரை போவது, அங்கே வீக்கம் தெரிந்தாலோ கட்டி ஆழமாகப் போயிருந்தாலோ, அதை வழக்கமாகச் செய்யும் கையில் நடக்கட்டும். வயிற்றைத் திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பியிலா என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கை பழகியிருந்தால் நோயைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

கட்டி பக்கத்து உறுப்போடு ஒட்டியிருந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுக்கக்கூடாது. அந்த உறுப்பின் ஒட்டிய பகுதியையும் சேர்த்து ஒரே துண்டாக எடுக்க வேண்டும். சித்தப்பா பயப்படும் பரவல் வருவதென்றால் இப்படிக் கட்டியைக் கிழித்துவிடும் ஆபரேஷனில்தான் வரும், ஒழுங்காகச் செய்ததில் இல்லை. முன்காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்து, எடுக்க முடியாமல் அப்படியே மூடி, சில மாதத்தில் ஆள் போன கதை நம் பக்கத்தில் எந்த ஊரில் கேட்டாலும் இருக்கும். அவர்கள் வரும்போதே நோய் எல்லை மீறியிருந்தது, ஸ்கேன் இல்லாததால் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பழி கத்தி மேல் விழுந்துவிட்டது. சித்தப்பாவின் பயம் அன்பில் வந்தது. அவரோடு சண்டை போடாமல், ஒருமுறை அவரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நாட்டு மருந்து என்ற பெயரில் பொடியோ பஸ்பமோ இப்போது வேண்டாம். ஈரலும் சிறுநீரகமும் கெட்டால் கீமோ கொடுக்க முடியாமல் போகும்.

இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னதால் யாரோ ஒருவர் தப்பு என்று நினைக்காதீர்கள். ஆபரேஷன் முதலில், தேவையானால் கீமோ பிறகு என்பது நீண்டகால நடைமுறை. ஃபாக்ஸ்ட்ராட் என்ற ஆய்வு இதைக் கொஞ்சம் அசைத்திருக்கிறது. 1,053 பேரிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. ஆபரேஷனுக்கு முன்பே ஆறு வாரம் கீமோ கொடுத்தவர்களில், இரண்டு ஆண்டுக்குள் நோய் மிஞ்சியோ திரும்பியோ இருந்தவர்கள் 16.9 சதவீதம். நேரடியாக ஆபரேஷன் செய்தவர்களில் 21.5 சதவீதம். வித்தியாசம் உண்மையானது, ஆனால் மலையளவு இல்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எம்.எம்.ஆர். குறைபாடு என்ற தன்மை உள்ள கட்டிகள் இந்த முன்-கீமோவுக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை.

எம்.எம்.ஆர். என்பது செல் பிரியும்போது மரபணுவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள். (தடுப்பூசி எம்.எம்.ஆர். வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்தப் புரதங்கள் இல்லாத கட்டிகள் வலப்பக்கப் பெருங்குடலில்தான் அதிகம். அப்படிப்பட்ட கட்டிகளுக்கு ஆபரேஷனுக்கு முன் நோயெதிர்ப்பு மருந்து கொடுத்துப் பார்த்த நிச்-2 ஆய்வு 2024-இல் வெளியானது. நான்கு வாரத்துக்குள் இரண்டே தவணை மருந்துதான், மூன்றில் இருவருக்கு எடுத்த குடலில் உயிருள்ள புற்றுசெல்லே காணவில்லை. மருந்து விலை கூடியது, எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. ஆனால் பரிசோதனை பெரிய செலவில்லை, ஏற்கெனவே எடுத்த பயாப்ஸித் துண்டிலேயே செய்யலாம். ஆகவே நாளைக்கே செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு விடையைப் பொறுத்து வைத்தியத்தின் வரிசையே மாறலாம்.

அந்தப் புரதங்கள் சரியாக இருக்கின்றன என்று வந்தால் நான் எந்தப் பக்கம் சாய்வேன்? ரத்தம் 7.9-க்கு இறங்கியிருக்கிறது, கட்டி கசிந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து உறுப்பில் ஒட்டவில்லை, முழுதாக எடுத்துவிட முடியும் என்று ஸ்கேனைப் பார்த்த அறுவை மருத்துவர் சொன்னால், ஆபரேஷனை முதலில் செய்வதையே விரும்புவேன். ஒட்டியிருக்கிறது, வெட்டிய விளிம்பு புற்றுசெல் இல்லாமல் சுத்தமாகக் கிடைப்பது சந்தேகம் என்றால் கீமோ முதலில் வரட்டும். ஸ்கேன் படத்தை நான் பார்க்கவில்லை. அறுவை மருத்துவர், புற்றுநோய் மருந்து மருத்துவர், ஸ்கேன் மருத்துவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு மதுரை போதுமா, சென்னை போக வேண்டுமா என்று வீட்டில் பேச்சு எழும். ஊர் முக்கியமில்லை. குடல் புற்றுநோய் ஆபரேஷனை அடிக்கடி செய்யும் மருத்துவர் இருக்கிறாரா, கணுக்களை எண்ணிப் பார்க்கும் நோய்க்குறியியல் துறை இருக்கிறதா என்று பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னை என்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்து, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது அது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நீங்கள் வருகிறீர்களா என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இரும்புச் சத்தை மாத்திரையாக இல்லாமல் டிரிப்ஸில் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள், சீக்கிரம் பலன் தரும். முட்டை, மீன், பருப்பு, பால் நன்றாகச் சாப்பிடட்டும். முடிந்த மட்டும் தினமும் நடக்கட்டும்.

கல்யாணத்துக்காகத் தள்ள வேண்டாம். ஒன்பது வாரம் சும்மா இருந்தால் நடுவில் குடல் அடைத்துக்கொள்ளலாம். பந்தல் போட்ட வீட்டிலிருந்து ராத்திரியில் மதுரைக்கு ஓடும் நிலை யாருக்கும் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் முடிந்தால், எல்லாம் ஒழுங்காகப் போகும் பட்சத்தில், கல்யாணத்துக்குள் அவர் எழுந்து நடமாடி வளவில் உட்கார்ந்து வந்தவர்களை வாங்க என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிடுவார். பின்-கீமோவை ஆபரேஷன் முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. முகூர்த்தத் தேதியை முன்கூட்டியே சொன்னால், சில நாள் முன்னே பின்னே வைத்து ஏற்பாடு செய்துகொடுப்பார்கள்.

அந்தக் கீமோ எவ்வளவு காலம் என்பதைக் கணுக்கள்தான் சொல்லும். ஒன்றிலிருந்து மூன்று கணுவில் நோய் இருந்தால் ரிப்போர்ட்டில் என்1, நான்கோ அதற்கு மேலோ என்றால் என்2. குடலின் வெளி உறையையே துளைத்திருந்தால் டி4. 2018-இல் வந்த ஐடியா என்ற கூட்டு ஆய்வுக்குப் பிறகு, டி4-ம் இல்லாமல் என்2-ம் இல்லாமல் இருப்பவர்களுக்குக் கேப்பாக்ஸ் என்ற மருந்து முறை மூன்று மாதமே பெரும்பாலும் போதும் என்று ஆகியிருக்கிறது. மற்றவர்களுக்கு இப்போதும் ஆறு மாதக் கீமோவைத்தான் யோசிக்கிறோம். ஆறு மூன்றாகக் குறைந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் அதில் சேர்க்கும் ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பைத் தாக்கும். மருந்து ஏற்றிய சில நாட்களுக்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்தால் தொண்டையில் குத்தும், குளிர்ந்த பாத்திரத்தைத் தொட்டால் விரல் சுண்டும். மொத்த அளவு கூடக் கூடப் பாதம் மரத்துப்போவது நிலைத்துவிடலாம். பழனிக்கு நடக்கிறவருக்குப் பாதம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். மரமரப்பு தொடங்கியதுமே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள், வேண்டுமானால் அந்த மருந்தை மட்டும் நிறுத்துவார்கள். நிறைய பேர் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று மறைத்து, அப்புறம் செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறார்கள்.

நடையைப் பற்றி இன்னொன்று. சேலஞ்ச் என்ற ஆய்வு 2025-இல் வெளியானது. ஆபரேஷனும் கீமோவும் முடிந்த குடல் புற்றுநோயாளிகளை மூன்று ஆண்டு ஒழுங்காக, வழிகாட்டியோடு உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் அவர்களில் 80 சதவீதம் பேர் நோயில்லாமல் இருந்தார்கள். அறிவுரைப் புத்தகம் மட்டும் வாங்கிப்போனவர்களில் அது 74 சதவீதம். அப்பச்சியின் நடைப் பழக்கம் அவருக்கு மருந்தோடு சேர்ந்த மருந்து. குன்றக்குடியில் காவடியோடு மறுபடி கிளம்புவது எப்போது என்று அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.

அவர் கேட்க வேண்டுமென்றால் அவருக்குத் தெரிய வேண்டும். கடல் கடந்து போய்க் கடை நடத்திய மனிதரிடம் குடல் புண் என்று சொல்லி வைத்தால், ஆபரேஷன் கையெழுத்து எப்படி வாங்குவீர்கள்? மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றும் அறையில் சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குக் கண் தெரியாதா? மறைக்கும் வீடுகளில் நோயாளி பெரும்பாலும் ஊகித்துவிடுகிறார், பிள்ளைகள் மனம் நோகுமே என்று தெரியாத மாதிரி இருந்துவிடுகிறார். இரண்டு பக்கமும் தனித்தனியாக அழுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் ஒருநாள், கூட்டம் இல்லாத நேரத்தில், நீங்களும் ஆத்தாவும் கூட இருக்க, டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள். "குடலில் புற்றுநோய்க் கட்டி, கல்லீரலில் இல்லை, எடுத்துவிடலாம்" என்பதே போதும். எண்களை அவர் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

காரம், மசாலாவால் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆத்தா தன் சமையலை நொந்துகொள்ள வேண்டியதில்லை, அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆட்டு, மாட்டு இறைச்சியை நாள்தோறும் நிறையச் சாப்பிடுவது, பதப்படுத்திய இறைச்சி, புகை, மது, உடல் பருமன், இவை குடல் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டும் என்று தெரியும். ஆனால் ஒரு தனி மனிதருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெற்றவருக்கு வந்திருப்பதால் பிள்ளைகள் எல்லோரும் 40 வயதில் ஒரு கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும், அப்பச்சியின் உடன்பிறந்தவர்கள் இப்போதே. சித்தப்பாவும் அதில் அடக்கம். எம்.எம்.ஆர். குறைபாடு என்று வந்து, அது பரம்பரையாக வரும் வகைதான் என்று மரபணுச் சோதனையில் உறுதியானால், 40 வரை காத்திருக்கக்கூடாது, இருபதுகளிலேயே தொடங்க வேண்டும். கல்யாணம் ஆகப்போகிற தம்பிக்கும் அது பொருந்தும். அதனால் பயாப்ஸித் துண்டில் அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று நாளை காலை முதல் வேலையாகக் கேளுங்கள். முடிவு வந்ததும் ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள், பார்த்துப் பதில் சொல்கிறேன்.